‘சென்னை’ எத்தனை எழுத்து?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கு. எடை மேடையோடு பேசும் புரோகிராம் சி மொழியில். எழுதியவர் ஓய்வு பெறும் வயதை நெருங்கும் பொறியாளர். பில் போடும் சர்வர் ஜாவாவில். எழுதியது இரண்டு இளைஞர்கள். கிளைகளின் பெயர்களைத் தமிழுக்கு மாற்றிய அன்று எடை மேடை உறைந்துபோனது. எரர் மெசேஜ் எதுவும் இல்லை. நான் போனபோது வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன.

“சார், நாங்க முதல்ல நீளத்தை அனுப்பிட்டுத்தான் டேட்டா அனுப்புறோம்.”

“தம்பி, நானும் முதல்ல நீளத்தைப் படிச்சிட்டுத்தான் டேட்டா படிக்கிறேன்.”

இரண்டு தரப்பும் சொன்னது உண்மை. இப்படிப்பட்ட பஞ்சாயத்தில் நான் புரோகிராமைத் திறந்து பார்ப்பதே இல்லை, முதலில் டிசிபிடம்ப் போடுவேன்; கம்பியில் போவதை அப்படியே காட்டும் கருவி அது. கம்பியில் போகும் பைட்டுகளுக்கு எந்தப் பக்கமும் வேண்டியவர் கிடையாது.

‘சென்னை’ நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஜாவாவில் நீளம் கேட்டால் 6 என்கிறது, கொம்பும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு என்பதால். யூடிஎஃப்-8 ஆக, அதாவது எழுத்தைப் பைட்டாக்கும் முறையில், வெளியே போகும்போதோ ஒவ்வொன்றுக்கும் 3 பைட், மொத்தம் 18. இளைஞர்கள் 6 என்று சொல்லிவிட்டு 18 பைட் அனுப்பியிருந்தார்கள். சி புரோகிராம் 6 பைட் படித்தது; அதன் லாகில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் பதிவில், கடைசி வரி ‘செ’ என்று மட்டும் நின்றது. மிச்சமிருந்ததில் முதல் 4 பைட்டை அடுத்த செய்தியின் நீளம் என்று எடுத்துக்கொண்டது. அந்த எண் 376 கோடிக்கு மேல். அத்தனை பைட்டும் வரட்டும் என்று பாவம், காத்துக்கொண்டிருந்தது. ஆங்கிலப் பெயர் இருந்தவரை எழுத்தும் பைட்டும் ஒன்றாகவே இருந்ததால் யாருக்கும் இது தெரியவில்லை.

நல்ல வேளை, பைட் வரிசையில் அவர்கள் தவறவில்லை. ஜாவாவில் டேட்டா அனுப்ப உதவும் டேட்டா-அவுட்புட்-ஸ்ட்ரீம், எண்ணின் பெரிய பைட்டை (அதிக மதிப்புள்ள பைட்டை) முதலில் அனுப்பும். இன்டெல் கணினியில் ஓடும் சி சின்ன பைட்டை முதலில் எதிர்பார்க்கும். மாற்றிப் படிக்காவிட்டால் 18 என்பது 30,19,89,888 ஆகிவிடும். இவ்வளவு பெரிய நீளம் லாகில் தெரிந்தால் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

அங்கே இன்னொரு வெடியும் வெடிக்கக் காத்திருந்தது. “எங்க லேப்டாப்ல ஓடுதே சார்” என்றார்கள். ஓடத்தான் செய்யும். லினக்ஸில் ஒரே கணினிக்குள் பேசும் லூப்பேக்கின் பாக்கெட் அளவு 65,536 பைட், கம்பி வழியே போகும் ஈதர்நெட்டில் 1,500. அதனால் லேப்டாப்புக்குள் எல்லாம் ஒரே துண்டாக வந்துவிடும். இரண்டு புரோகிராமும் பேசிக்கொள்ளும் டிசிபி இணைப்பு குழாய்த் தண்ணீர் மாதிரி, குடம் குடமாகப் பிரித்துத் தராது. ஒரு முறை அனுப்பியது ஒரே ரிசீவில் வரும் என்று நம்பி எழுதியிருந்தார் பெரியவர். பாதி வரலாம், அடுத்ததோடு ஒட்டிக்கொண்டும் வரலாம். சொன்ன நீளம் நிறையும்வரை லூப் போட்டுப் படிக்க வேண்டும். ரிசீவ் 0 பைட் என்று சொன்னால் எதிர்முனை முடித்துக்கொண்டது என்று பொருள்.



ஜாவா பக்கத்தில் பெயரை முதலில் யூடிஎஃப்-8 பைட்டுகளாக மாற்றி, அதன் நீளத்தை அனுப்பச் சொன்னேன். சி பக்கத்தில் அந்த லூப்போடு ஒரு வேலியும்: நீளம் 64,000-ஐத் தாண்டினால் லாகில் எழுதிவிட்டு இணைப்பைத் துண்டித்துவிடு. நீளம் என்றால் பைட், எண் என்றால் பெரிய பைட் முதலில் என்று அரைப்பக்கம் எழுதி இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கினேன்.

சோதித்துப் பார்க்க என்ன பெயர் போடலாம் என்று இளைஞர்கள் கேட்டார்கள். பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “ஸ்ரீபெரும்புதூர் போடுங்க தம்பி” என்றார். 48 பைட், முழுசாக வந்து சேர்ந்தது.