மூளையில் வெடிக்கும், இதயத்தில் உறையும்

பலூன் ஊதும்போது முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் பெருத்துவிட்டால், குறைந்த அழுத்தத்திலேயே ரப்பர் இழுபடும். ஆரம் கூடக்கூட, அதே அழுத்தம் சுவரை இன்னும் பலமாக இழுக்கும் என்பது லாப்லாஸ் விதி. தமனியின் சுவர் ஓரிடத்தில் நலிந்து புடைத்தாலும் இதே கதைதான்: புடைப்பதால் இழுவிசை கூடுகிறது, அதனால் சுவர் மெலிந்து மேலும் புடைக்கிறது. மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்கிறார்கள்.

மூளையின் அடிப்பகுதியில் தமனிகள் கைகோத்து நிற்கும் வில்லிஸ் வளையம் இதற்குப் பேர்போன இடம். தமனி இரண்டாகப் பிரியும் கவட்டில் ரத்தம் ஓயாமல் மோதுகிறது. மூளைத் தமனிகளின் சுவரோ மெல்லியது. தாங்கிப்பிடிக்கச் சுற்றிலும் தசை கிடையாது, திரவம்தான். பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இப்படியொரு புடைப்பு இருக்கிறது. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை என்பது ஆறுதல். வெடித்தால், வாழ்நாளில் கண்டிராத தலைவலி இடிபோல் நொடியில் இறங்கும். அப்போது மாத்திரை போட்டுப் படுத்துப் பார்க்கலாம் என்ற நினைப்பே ஆபத்து.

இதயத் தமனியில் புடைப்பு அரிதாகவே வெடிக்கிறது. அங்கே வேறு வில்லங்கம். ஆறு அகன்ற இடத்தில் நீர் மந்தமாகிச் சுழல்வதுபோல, புடைத்த பகுதியில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்த ரத்தக்கட்டி அடைத்தால் மாரடைப்பு. குழந்தைகளிடம் இதற்கு முக்கியக் காரணம், ரத்தக்குழாய்ச் சுவர்கள் அழலும் கவாசாகி நோய். ஜப்பானிய மருத்துவர் டொமிசாகு கவாசாகி 1961இல் முதல் நோயாளியைக் கண்டு, 1967இல் 50 குழந்தைகளைப் பற்றி எழுதினார். விடாத காய்ச்சல், சிவந்த கண், வெடித்த உதடு, ஸ்ட்ராபெரி போன்ற நாக்கு. கவனிக்காமல் விட்டால், நான்கில் ஒரு குழந்தைக்கு இதயத் தமனி புடைக்கக்கூடும். முதல் பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற நோயெதிர்ப்புப் புரதத்தை ஏற்றினால் அது சுமார் 5 சதவீதமாகக் குறைகிறது.

எனக்கு வியப்பளிப்பது சிகிச்சைதான். மூளைப் புடைப்பு தமனியோடு சேரும் கழுத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் டான்டி 1937இல் கிளிப் போட்டு அடைத்தார். 1990களில் இத்தாலிய மருத்துவர் குல்யெல்மியின் முறை வந்தது: தொடைத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, புடைப்புக்குள் பிளாட்டினக் கம்பிச்சுருளைத் திணித்து, ரத்தத்தை வேண்டுமென்றே உறையவைக்கிறார்கள். இதயத் தமனி புடைத்த குழந்தைக்கோ, ரத்தம் உறைந்துவிடாதிருக்கத் தினமும் ஆஸ்பிரின் கொடுக்கிறார்கள்.