எந்த இடத்தில் அழுதீர்கள்?

போன வருடம் ஆடி மாதம், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அவருடைய மகன் என்னிடம் அழைத்து வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். பின்னால் வருகிறவர்கள் கதையும் அப்படித்தான்.) அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. "நாலு நாளா சரியாச் சாப்பிடலை டாக்டர். ராத்திரியெல்லாம் முழிச்சு உட்கார்ந்திருக்கார். டிவியில ஒரு பழைய படம் பார்த்தார், அன்னையிலேர்ந்துதான்" என்றார் மகன். படம், மூன்றாம் பிறை. வீட்டில் ரிமோட்டை ஒளித்து வைத்துவிட்டார்களாம்.

இருபது வருடமாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். ரிமோட்டை ஒளிக்கிற வைத்தியத்தை நிறையப் பார்த்தாயிற்று. "படம்தானே, இதுக்குப் போய் அழுவாங்களா" என்பது அதோடு சேர்த்துக் கொடுக்கிற கஷாயம். இரண்டாலும் யாருக்கும் தூக்கம் வந்து நான் பார்த்ததில்லை.

மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "எந்த இடத்துல சார் தாங்க முடியாமப் போச்சு?"

"ஸ்டேஷன்" என்றார்.

1982-ல் வந்த அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. ஊட்டி மலைப்பாதையில் கேத்தி ரயில் நிலையம், கொட்டுகிற மழை. குணமாகிவிட்ட விஜிக்கு, தன்னைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்ட சீனுவை அடையாளம் தெரியவில்லை. அவன் குரங்கு மாதிரிக் குதிக்கிறான், அவளுக்குப் பிடித்த விளையாட்டையெல்லாம் ஆடிக் காட்டுகிறான். ரயில் போய்விடுகிறது.

மருத்துவராக எனக்கு அந்தப் படத்தோடு ஒரு சின்னச் சண்டை உண்டு. தலையில் அடிபட்டு ஒரு பெண் முழுசாகக் குழந்தையாகிவிடுவதும், பிறகு குணமாகும்போது இடைக்காலம் மட்டும் துடைத்துப்போட்டதுபோல் மறைவதும் சினிமாவில் நடக்கும். என் மேஜைக்கு எதிரே அப்படி யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. ஆனால் அந்தக் கடைசிக் காட்சி? அது தினமும் வருகிறது.

தலைமையாசிரியரின் மனைவிக்கு மூன்று வருடமாக அல்சைமர் நோய். காலையில் காபியோடு போய் எழுப்பினால் "நீங்க யாரு?" என்பாராம். தான் யார் என்று விளக்கி, கல்யாண ஆல்பத்தைக் காட்டி, ஏதாவது வேடிக்கை செய்து சிரிக்க வைத்து, அப்புறம்தான் காபி. "அவன் ஒருநாள்தான் டாக்டர் ஆடினான். நான் தினம் காலையில ஆடுறேன்" என்றார்.

மூன்று வருடத்தில் அவர் ஒருமுறைகூட அழுததில்லை. மனைவி உயிரோடுதானே இருக்கிறார், எதற்காக அழுவது? யாரும் துக்கம் விசாரிக்க வருவதும் இல்லை. ஆள் எதிரில் இருக்கும்போதே ஆளை இழப்பது தனி வகைத் துக்கம். அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களிலேயே இதைப் பற்றி எழுதத் தொடங்கினார். நம் ஊரில் இதற்குச் சடங்கு கிடையாது, அதனால் அழுவதற்கு ஒரு நாளும் கிடையாது. அந்த நாளைத்தான் படம் கொடுத்திருக்கிறது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானப்படுதல், இழத்தல், இருந்த நிலையிலிருந்து சரிதல், இல்லாமை. நம்மை உலுக்கிய படங்களை இந்த நான்கில் அடக்கிவிடலாம் என்று நண்பர்களிடம் வாதாடுவேன். இதில் இழவை மட்டும்தான் நாம் அழுகைக்குத் தக்க காரணமாக ஒப்புக்கொள்கிறோம். அவமானத்துக்கு அழ, அதுவும் ஆண்களுக்கு, அனுமதியே இல்லை.

2021 நவம்பரில் ஜெய் பீம் வந்த சமயம். நாற்பதுகளில் இருந்த ஒரு கடைக்காரர் வந்தார். கைபேசியில் தனியாகப் பார்த்திருக்கிறார். 1993-ல் விருத்தாசலம் பக்கம் ஒரு குறவர் குடும்பத்துக்கு நடந்ததை ஒட்டி எடுத்த படம் என்பதும், அதில் காவல் நிலையக் கொடுமைகள் எவ்வளவு நேரம் வருகின்றன என்பதும் தெரிந்ததுதான். பாதியில் நிறுத்திவிட்டார். ஆனால் நிறுத்தின பிறகும் ஓடியது. காக்கிச் சட்டையைத் தெருவில் பார்த்தாலே நெஞ்சு படபடப்பு, வேர்வை. கடைக்கு முன்னால் ஜீப் நின்றால் பின்கட்டுக்குப் போய்விடுவார். அவரிடமும் அதே கேள்விதான். அடிவாங்குகிற காட்சி என்று சொல்வார் என நினைத்தேன். "அந்தப் பொம்பளை வெளியில காத்து நிக்கிறாங்கல்ல, அது" என்றார். ஒன்பது வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு காவல் நிலைய வாசலில் ராத்திரி முழுக்க நின்றவர் அவர். உள்ளே அப்பா. மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பொழுதுபோக்குக்காகப் பார்த்த படம் மட்டுமே காரணமென்றால், அதை வைத்து அதிர்ச்சிக்குப் பிந்தைய மன நெருக்கடி நோய் (PTSD) என்று நாங்கள் முடிவு செய்வதில்லை. நோயை வரையறுக்கும் டிஎஸ்எம்-5 கையேடே அதை விலக்கி வைக்கிறது. ஆனால் பழைய காயம் இருந்தால், படம் அதைத் தட்டி எழுப்பும். மூளை அப்போது திரையையும் நினைவையும் பிரித்துப் பார்க்காது. இதயத் துடிப்பு, மூச்சு, வயிற்றைப் பிசைவது எல்லாம் நிஜமானவை. அந்த நேரத்தில் "எல்லாம் நடிப்பு" என்று சொல்லிப் பயனில்லை. விளக்கைப் போடுங்கள், குளிர்ந்த தண்ணீரில் முகம் கழுவச் சொல்லுங்கள், பாதம் தரையில் அழுந்த உட்காரவையுங்கள், அறையில் கண்ணில் படுகிற ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். 'இது அந்த இடம் இல்லை, அந்த வயசும் இல்லை' என்று உடம்புக்குப் புரியவைக்க இதுதான் வழி.

குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்குப் பழைய காயமே தேவையில்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் அப்பா வேலைக்குக் கிளம்பினால் வாசலை மறித்துக்கொண்டு அழுதான். பள்ளியில் ஏதாவது நடந்ததா என்று பெற்றோர் பத்து நாள் துருவியிருக்கிறார்கள். கடைசியில், ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டில் மகாநதி ஓடியபோது இவன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அப்பா சிறைக்குப் போகிறார், பிள்ளைகள் சிதறுகிறார்கள். பெரியவர்கள் அதில் ஒரு மனிதனின் வீழ்ச்சியைப் பார்க்கிறோம், அவன் பார்த்தது தொலைந்துபோகிற பையனை. தணிக்கைச் சான்றிதழில், குழந்தைகள் பெற்றோர் துணையோடு பார்க்கலாம் என்கிற யுஏ-வையே இப்போது 7+, 13+, 16+ என்று பிரித்துவிட்டார்கள், 2023-ல் வந்த சட்டத்திருத்தம் அது. படம் போடுமுன் அந்த எண்ணைப் பாருங்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன். 'அவனுக்கு என்ன புரியப் போகுது' என்றுதான் பதில் வருகிறது.

சரி, எப்போது மருத்துவரிடம் வர வேண்டும்? படம் பார்த்துவிட்டு ஓரிரு நாள் மனம் கனத்துக் கிடப்பதற்கு வர வேண்டாம், நல்ல படம் அதைச் செய்யத்தான் செய்யும். இரண்டு வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, காட்சிகள் கேட்காமலே மனதில் ஓடுகின்றன என்றால் வாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ், 14416 என்ற எண் இலவசம், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

கடைக்காரர் எட்டு மாதம் வந்துபோனார். ஜெய் பீமின் மீதியை இன்னும் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை.

தலைமையாசிரியருக்கு நான் மாத்திரை எழுதவில்லை. பகலில் நாலு மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும்படி மகனிடம் சொன்னேன், ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கவும் சொன்னேன். அடுத்த மாதம் அவர் தனியாக வந்தார். மறுபடியும் அதே படத்தைப் பார்த்தாராம்.

"ஸ்டேஷன் வர்றதுக்கு முன்னாடி நிறுத்திட்டேன் டாக்டர். அவளும் பக்கத்துல உட்கார்ந்திருந்தா. கண்ணே கலைமானே வந்தப்ப கூடவே பாடினா. ரெண்டாவது சரணத்துல நான் வார்த்தையை மாத்திப் பாடிட்டேன், திருத்தினா."