"சளி இருக்கு, அடுத்த புதன் பார்க்கலாம்"

தடுப்பூசியே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். நாள் தள்ளுகிறவர்கள்தான் அதிகம். ஒன்றரை மாதத்தில் போட வேண்டிய ஊசிக்கான கட்டம், குழந்தைக்கு நான்கு மாதமாகியும் அட்டையில் காலியாகக் கிடக்கும். கேட்டால், "அன்னிக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சு டாக்டர், அத்தை வேணாம்னுட்டாங்க." அடுத்த புதன்கிழமை ஊரில் திருவிழா. அதற்கடுத்த புதன் மறுபடியும் சளி.

மழைக்காலத்தில் கைக்குழந்தைக்குச் சளியில்லாத வாரம் வேண்டுமென்றால் பொங்கல்வரை காத்திருக்க வேண்டியதுதான். சளி, லேசான இருமல், இரண்டு தடவை இளகிப் போவது, ஆன்டிபயாடிக் குடித்துக்கொண்டிருப்பது, இவை எதுவும் ஊசிக்குத் தடையில்லை. காய்ச்சல் கொதித்துச் சோர்ந்து கிடக்கும் குழந்தைக்குத்தான் சில நாள் பொறுப்போம். முன்பு ஊசி போட்ட சற்று நேரத்தில் உடம்பு தடித்து மூச்சுத் திணறியிருந்தாலோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் நோயோ சிகிச்சையோ இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அது வேறு கணக்கு.

6, 10, 14 வாரம் என்று நாங்கள் அடம்பிடிப்பதற்கு முக்கியக் காரணம் கக்குவான் இருமல். பெரியவர்களுக்கு அது வாரக்கணக்கில் இழுக்கும் வறட்டு இருமல், அவ்வளவுதான். இரண்டு மாதக் குழந்தையோ இருமக்கூடத் தெம்பில்லாமல் நீலம்பாய்ந்து மூச்சை நிறுத்திவிடும். ஆபத்து அதிகமுள்ள மாதங்களில்தான் ஊசியைத் தள்ளிப்போடுகிறோம்.

அந்த வாரங்களில் போடுவது, இந்திய அரசுத் திட்டத்தில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் முதலில் அறிமுகமான ஐந்து நோய்த் தடுப்பூசி. அதில் கக்குவான் கிருமி முழுதாக, கொல்லப்பட்ட நிலையில் இருக்கிறது. அன்றிரவு குழந்தை காய்வதற்கும் தொடை வீங்குவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம். ஓரிரு நாளில் அடங்கிவிடும். ஒத்தடம் என்று சூடு வைக்க வேண்டாம், தேய்த்துவிடவும் வேண்டாம். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

ஊசியைவிட எனக்குப் பயம் தருவது காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். 125 என்று போட்ட சிரப்பில் ஐந்து மில்லிக்குத்தான் 125. ஐந்து கிலோ குழந்தைக்குச் சொட்டு மருந்தில் முக்கால் மில்லி போதும். சிரப் கணக்கை நினைத்துக்கொண்டு அதில் மூன்று மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். கல்லீரல் தாங்காது. பாட்டிலைக் கையில் கொண்டுவந்து காட்டி அளவு கேளுங்கள். மருந்து கொடுத்தும் குழந்தை விடாமல் மூன்று மணி நேரம் அழுதாலோ, துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசியின் காய்ச்சல் அன்றே வராது. ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசான தடிப்போடு வரலாம், தானே போய்விடும். பிறந்ததும் போடும் பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி சில வாரம் கழித்துக் கொப்புளமாகி உடைந்து தழும்பாகும். மஞ்சள் பூசாதீர்கள், கிள்ளாதீர்கள்.

"ஆட்டிசம் வருமாமே?" என்ற கேள்வி 2017 தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாமின்போது வாட்ஸப்பில் பரவி, இன்னும் என் மேசைக்கு வருகிறது. இந்தப் பயத்துக்கு வேர், வெறும் 12 குழந்தைகளை வைத்து 1998இல் வெளியான கட்டுரை. வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வந்தது, தொடர்பு எதுவும் இல்லை. இதற்குமேல் நான் வாதாடுவதில்லை.

தவணை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போடலாம். ஆனால் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து, பி.சி.ஜி. போன்றவற்றை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். அட்டை தொலைந்ததால் செவிலியர் திட்டுவார் என்று பயந்து வராமலிருப்பவர்கள் உண்டு. நாங்கள் திட்டுவதும் உண்மைதான், அது எங்கள் தவறு. அட்டை இல்லாவிட்டாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். புது அட்டை எழுதிக்கொள்ளலாம்.