எபிஸ்டலரி நாவல்: தமிழில் என்ன சொல்லலாம்?

கதையை ஆசிரியர் சொல்லாமல், பாத்திரங்கள் எழுதும் கடிதங்களே சொல்லிக்கொண்டு போனால் அதற்கு ஆங்கிலத்தில் எபிஸ்டலரி நாவல் என்று பெயர்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'ஸ்டெல்லெய்ன்' என்றால் அனுப்புவது. ஒருவருக்கு அனுப்பிய செய்தி 'எபிஸ்டொலே'. அது லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இதே வேரில் பிறந்த இன்னொரு சொல் நம்மிடமே இருக்கிறது: அப்போஸ்தலர், அதாவது அனுப்பப்பட்டவர். அப்போஸ்தலர் பவுல் எழுதிய எபிஸ்டில்களைத் தமிழில் சீர்திருத்த சபையார் 'நிருபம்' என்கிறார்கள், கத்தோலிக்கர் 'திருமுகம்' என்கிறார்கள். நிருபம் வடசொல். பத்திரிகை நிருபரும் அந்த வழியில் வந்தவர்தான். ஆக, சொல்லுக்குச் சொல் வைத்தால் 'நிருப நாவல்' என்றுதான் வரும். யாரும் அப்படிச் சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

இந்த வகை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஸ்காட்லாந்துக்காரரான டோபியாஸ் ஸ்மாலெட் 1771இல் வெளியிட்ட 'ஹம்ஃப்ரி கிளிங்கரின் பயணம்' போதும். (முதல் தொகுதியின் முகப்பில் ஆண்டை 1671 என்று அச்சடித்துவிட்டார்கள். நகைச்சுவை அங்கேயே ஆரம்பம்.) வேல்ஸ் பண்ணையார் மாத்யூ பிராம்பிள் உடம்பு சரியில்லை என்று குடும்பத்தோடு பயணம் கிளம்புகிறார். பாத், லண்டன், எடின்பரோ, கிளாஸ்கோ என்று சுற்றுகிறார்கள். முக்கியமாகக் கடிதம் எழுதுகிறவர்கள் ஐந்து பேர்: பிராம்பிள், மாப்பிள்ளை தேடும் தங்கை டாபிதா, இன்னொரு சகோதரியின் பிள்ளைகளான ஜெரி, லிடியா, அப்புறம் வேலைக்காரி வின்ஃப்ரெட். ஒவ்வொருவரும் தனித்தனி ஆளுக்கு எழுதுகிறார்கள். பதில் கடிதம் ஒன்றுகூட நமக்குக் காட்டப்படுவதில்லை.

லண்டனில் ரானலா என்ற கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறார்கள். லிடியா கண்ணுக்கு அது பூதம் கட்டிய மாயமாளிகை. பிராம்பிளோ, பாதிப் பேர் மீதிப் பேரின் வாலைப் பிடித்துக்கொண்டு செக்கில் கட்டிய குருட்டுக் கழுதைகளைப் போலச் சுற்றிச் சுற்றி வருகிறார்கள் என்று எரிந்து விழுகிறார். இரண்டில் எது உண்மை என்று ஸ்மாலெட் தீர்ப்புச் சொல்வதில்லை. சொல்ல அவருக்கு இடமே இல்லை, நூலில் இருப்பவை கடிதங்கள் மட்டும்தானே. கடித நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். ஒரே ஆள் எழுதிக்கொண்டே போனால் அது கிட்டத்தட்ட தன்வரலாறு. நான்கைந்து பேர் எழுதும்போதுதான் ஒருவர் பொய்யை இன்னொருவர் கடிதம் காட்டிக்கொடுக்கும்.

தலைப்பில் இருக்கும் கிளிங்கர் ஒரு கடிதம்கூட எழுதுவதில்லை! கிழிந்த கால்சட்டையோடு வழியில் வந்து சேர்ந்த ஏழைப் பையன் அவன். ஸ்கார்பரோ கடலில் குளிக்க இறங்கிய பிராம்பிள் குளிர் தாங்காமல் அலறுகிறார். முதலாளி மூழ்கிவிட்டார் என்று நினைத்த கிளிங்கர் உடுத்த துணியோடு பாய்ந்து, அவர் காதைப் பிடித்து இழுத்து, ஆணும் பெண்ணும் பார்க்க அம்மணமாகக் கரையில் கொண்டுவந்து போடுகிறான். இதை நண்பரான மருத்துவருக்குப் பிராம்பிளே எழுதுகிறார். அவமானப்பட்ட ஆளின் கையெழுத்திலேயே படிப்பதால்தான் சிரிப்பு இரண்டு மடங்கு.

வின்ஃப்ரெட்டின் எழுத்துப்பிழை தனி ரகம். கல்யாணச் செய்தி எழுதும்போது கடவுளின் 'கிரேஸ்', அதாவது அருள், அவள் பேனாவில் 'கிரீஸ்' ஆகிவிடுகிறது. 'மேட்ரிமனி' என்ற திருமணம் 'மேட்டர்மணி' ஆகி, உள்ளே பணம் புகுந்துவிடுகிறது. நாவலே அவள் கடிதத்தோடுதான் முடிகிறது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'மடல் புதினம்' என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் மடல் என்பது நம் இலக்கியத்தில் ஏற்கெனவே ஒரு வகையின் பெயர். காதலி கிடைக்காதவன் பனைமட்டைக் குதிரை ஏறித் தெருவில் வருவது மடல். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமடலும் சிறிய திருமடலும் அந்த வழியில் வந்தவை. இன்னொரு பொருளை அதன் தலையில் கட்ட வேண்டாம். 'கடித இலக்கியம்' என்பதும் வேறு: மு. வரதராசன் தம்பிக்கும் தங்கைக்கும் எழுதிய வகை அது. அங்கே கருத்துதான் முன்னால் நிற்கும், கதை இருக்காது.

கதைக்குள் ஒரு கடிதம் வந்துவிட்டால் மட்டும் போதாது. சிலப்பதிகாரத்தில் மண் முத்திரையிட்ட மாதவியின் ஓலையைக் கோசிகமாணி கொண்டுவருகிறான். முத்திரையில் அவள் கூந்தல் மணக்கிறது. படித்த கோவலன், இந்தச் சொற்கள் என் பெற்றோருக்கும் பொருந்தும் என்று அதே ஓலையை அவர்களிடம் சேர்க்கச் சொல்லிவிடுகிறான். கடிதத்தை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட இடங்கள் குறைவு. இருந்தாலும் கதையைச் சொல்வது இளங்கோவடிகள், ஓலை அல்ல.

ஆகவே 'கடித நாவல்' என்றே சொல்லலாம். 'புதினம்' பிடித்தவர்கள் 'கடிதப் புதினம்' எனலாம். தமிழில் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், மறைமலை அடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்' பெயரிலேயே தன் வகையைச் சொல்லிவிடுகிறது.