எரிகல் இல்லீங்க, விண்கல்

"வறண்ட ஏரியில் எரிகல் வேட்டை". அமெரிக்காவுல மொஹாவி பாலைவனத்துல லூசர்ன், கொயோட்டின்னு பேரு வெச்ச பொட்டல் வெளிங்க இருக்கு, அங்க தரையப் பாத்துட்டே நடந்து வானத்துல இருந்து விழுந்த கல்லைத் தேடறவங்களப் பத்தின ஒரு வீடியோவுக்கு நம்ம ஆளு யாரோ வெச்ச தமிழ்த் தலைப்பு இது. நாலு சொல்லு, அதுல மூணு தப்பு. இந்த ஒரு வீடியோவோட போச்சுன்னா விட்டுட்டுப் போயிரலாம். நியூஸ்ல எரிகல், யூடியூப்ல எரிகல், போட்டித் தேர்வு நோட்ஸ்ல எரிகல், படிக்கற புள்ளைங்களும் அதையே எழுதிட்டு வருதுங்க. அதனால இதக் கொஞ்சம் நீட்டியே பேசிரலாம்.

நம்ம ஆளுங்க எரிகல்னு எழுதறது இங்கிலீசுல மீட்டியரைட், அதோட மூலச் சொல்லு கிரேக்கம். மீட்டியோரான்னா உசரத்துல இருக்கறது, ஆகாசத்துல நடக்கறது. மழை, மின்னல், காத்து எல்லாமே அதுல அடக்கம், அதனாலதான் வானிலைப் படிப்புக்கு இன்னும் மீட்டியராலஜின்னு பேரு நிக்குது. வானத்துல ஒரு நொடி கீறிட்டுப் போற வெளிச்சம் மீட்டியோர். கல்லு, கனிமத்துக்கெல்லாம் போடற ஐட்டுங்கற வாலைச் சேத்தா மீட்டியரைட், அதாவது தரைக்கு வந்து சேர்ந்த கல்லு. பூமிக்கு வர்றதுக்கு முன்னாடி விண்வெளியில சுத்திட்டு இருக்கற சின்னத் துண்டு மீட்டியராய்டு. கல்லு வானத்துல இருந்து விழும்னே ஐரோப்பாவுல படிச்சவங்க ரொம்ப நாளு ஒத்துக்கல, 1794-ல ஜெர்மன் விஞ்ஞானி கிளாட்னி அப்படி விழும்னு எழுதினப்ப நம்பாதவங்கதான் நெறைய, 1803-ல பிரான்சுல லேகிள்ங்கற ஊருல பட்டப்பகல்ல ஆயிரக்கணக்குல கல்லு கொட்டினதுக்கு அப்பறம்தான் வாயை மூடினாங்க. சொல் வரலாறு இவ்வளவு போதும்.

இப்ப எரிகல்லுக்கு வர்றேன். இதுக்குப் பரிஞ்சு பேசறவங்க மொதல்ல இலக்கணத்தை எடுத்துப் போடுவாங்க. எரிகல் வினைத்தொகை, எரிந்த கல், எரிகின்ற கல், எரியும் கல்னு மூணு காலமும் காட்டும், தரையில கெடக்கறது எரிந்த கல்தானேன்னு கேப்பாங்க. இலக்கணம் சரிதான், ஆனா அது எரியவே இல்லையே. செகண்டுக்கு 11 கிலோமீட்டருக்குக் கொறையாம வர்ற கல்லு முன்னாடி இருக்கற காத்தை அமுக்கற அமுக்குல காத்து சூடாகி ஒளி விடுது, கல்லோட மேல்தோலு உருகி உருகி பின்னால பறிஞ்சு போகுது. இதெல்லாம் சில செகண்டு சங்கதி. பெரும்பாலும் தரைக்கு மேல 15, 20 கிலோமீட்டர் இருக்கறப்பவே வேகம் செத்து வெளிச்சம் அணைஞ்சிருது. அதுக்குக் கீழ அது இருட்டுல சும்மா விழற கல்லு. வாழக்காயைத் தணல்ல சித்த காட்டி எடுத்தா தோலு மட்டும் கருகி உள்ள பச்சையாவே இருக்குமே, அந்தக் கணக்கு. வெட்டிப் பாத்தா மேல இருக்கற கறுப்புத் தோலு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கூட வராது, உள்ள அசல் கல்லு 450 கோடி வருசத்துக்கு முன்னாடி எப்படி உருவாச்சோ கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அதுக்காகத்தான் விஞ்ஞானிங்க அதைத் தேடறாங்க. உள்ள வேகாம இருக்கறதுதான் அதோட மதிப்பே, அதைப் போயி எரிகல்னு கூப்பிட்டா பேருலயே பொருளைக் கெடுத்த மாதிரி ஆகுது.

அடுத்து சங்கப் பாட்டைக் காட்டுவாங்க. புறநானூறு 229, கூடலூர் கிழார் பாடினது. புகழூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டுல பேரு இருக்கே இரும்பொறைன்னு, அந்த வம்சத்து ராஜா யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. நடுராத்திரியில "கனையெரி பரப்ப", அதாவது பெருந்தீ பரவறாப்பல, ஒரு மீன், அதாவது நட்சத்திரம், விழுந்துச்சு, அதைப் பாத்து ராஜாவுக்கு ஆகாதேன்னு பயந்தாங்க, ஏழாம் நாள் அவரு போயிட்டாருன்னு பாட்டு. பாருங்க எரி வருதுங்கறாங்க. வரட்டும், நல்லா வருது. ஆனா அது எதுக்கு வருது? வானத்துல பரவுன வெளிச்சத்துக்கு. அவரு விழுந்ததை "ஒருமீன் விழுந்தன்றால்"னு மீனாத்தான் சொன்னாரு, கல்லுங்கற பேச்சே பாட்டுல கெடையாது. எரி மீனுக்குச் சேரும், கல்லுக்குச் சேராதுன்னு அந்தப் பாட்டே எனக்குச் சாட்சி சொல்லுது. அதனால மீட்டியோருக்கு எரிமீன், எரிநட்சத்திரம் ரெண்டும் தாராளமா வெச்சுக்கலாம். எங்க பக்கம் பெரியவங்க ராத்திரி வாசல்ல கட்டல் போட்டுப் படுத்திருக்கறப்ப நட்சத்திரம் விழறதப் பாத்துட்டா ஒடனே பச்சை மரத்தைப் பாருன்னு சொல்லுவாங்க, அவங்க பேச்சுலயும் அது நட்சத்திரம்தான்.

எரிகல்னா என்ன இப்போ, பழகிப்போச்சு, விடுங்கன்னு சொல்றவங்களுக்குத்தான் என்னோட முக்கியமான பதில். பேரு கண்ணை வழிநடத்துது. எரிகல்னு கேட்ட ஒருத்தன் எதைத் தேடுவான்? கருகி, ஓட்டை ஓட்டையா, வெந்து போன மாதிரி இருக்கற கல்லைத் தேடுவான். கொங்கு நாட்டுல அப்படிப்பட்டதுக்குப் பஞ்சமே இல்ல. கோயமுத்தூரு பவுண்டரிக் கழிவைக் கொண்டுபோயி எத்தனையோ எடத்துல பள்ளம் நெரப்பியிருக்காங்க. சென்னிமலைப் பக்கம் நொய்யல் கரையில கொடுமணல்ல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கின ஊரு, உருக்கினப்ப மிஞ்சின அந்தக் கசடு, கிட்டம்னு சொல்றது, இன்னும் மண்ணுல கெடக்கு. கிட்டம் கறுப்பா, கனமா, வெந்தாப்பல இருக்கும், சிலது காந்தத்துலயும் ஒட்டும். எரிகல்னு மனசுல வெச்சுட்டு எடுக்கறவனுக்கு இதை விடப் பொருத்தமான கல்லு எங்க கெடைக்கும்? ஆனா விண்கல்லுல இந்த மாதிரி காத்துக் குமிழி ஓட்டை அனேகமா இருக்காது. அதே மாதிரி சேலம் கஞ்சமலைக் கல்லு காந்தத்துல பச்சக்குனு ஒட்டும், அது நம்ம மண்ணுல வெளைஞ்ச இரும்புத் தாது. மறுபக்கம் பாத்தா, பாலைவனத்துல ஆயிரக்கணக்கான வருசம் கெடந்த அசல் விண்கல்லு மேல்தோலு போயி, உள்ள இருக்கற இரும்பு துருவேறி, பழுப்பா, சாதாரணக் கல்லாட்டமே இருக்கும். கருகுன கல்லைத் தேடறவன் அதை மிதிச்சுத் தாண்டிப் போயிருவான். தப்பான பேரு தப்பான கல்லை எடுக்க வெக்குது, சரியான கல்லைத் தவற விடவும் வெக்குது.

விண்கல்னு சொன்னா இந்தச் சிக்கல் இல்ல. எங்க இருந்து வந்துச்சு, விண்ணுல இருந்து. என்னவா இருக்கு, கல்லா இருக்கு. ஆகாயக்கல், வான்கல்னும் சிலர் எழுதறாங்க, எனக்கு ஒப்பல. மழை வர்றது வானம், மேகம் இருக்கறது வானம், விண்மீனும் விண்வெளியும் அதுக்கும் அப்பால. வான்கல்னா ஆலங்கட்டின்னு கூட ஒருத்தரு நெனைக்கலாம். விண்வீழ்கல்னு ஒண்ணு இருக்கு, பொருள் சுத்தம்தான், ஆனா வாயில வர மாட்டேங்குது, சின்னப் பசங்க ரெண்டு தடவை தடுமாறிட்டு எரிகல்லுக்கே திரும்பிருவாங்க.

ஆனா விண்கல்லையும் நம்ம நியூஸ்காரங்க விட்டு வெக்கல. 2029 ஏப்ரல் 13 அன்னைக்கு அப்போஃபிஸ் பூமிக்குச் சுமார் 32,000 கிலோமீட்டர் பக்கத்துல போகப்போகுது, முன்னூறு மீட்டருக்கும் மேல நீளமான சிறுகோள் அது. அதுக்கு இவங்க வெக்கற பேரு ராட்சத விண்கல். சிறுகோள்னு அழகான சொல்லு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கறப்ப ஏன் இந்த வேலை? 2016 பிப்ரவரியில நாட்றம்பள்ளிப் பக்கம் ஏதோ வெடிச்சு ஒருத்தரு எறந்தப்ப விசாரணை முடியறதுக்கு முன்னாடியே விண்கல்னு தலைப்பு போட்டாங்க, நாசா ஆளுங்க படத்தைப் பாத்துட்டு தரையில நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரியுதுன்னு சொன்னாங்க, அந்தச் சேதி கடைசிப் பக்கத்துல கூட சரியா வரல. குழியைப் பாத்தாலும் விண்கல், வெளிச்சத்தைப் பாத்தாலும் விண்கல், சிறுகோளும் விண்கல்னா அப்பறம் கையில எடுத்த கல்லுக்கு என்ன பேரு வெக்கறது? மேல சுத்தறப்ப சின்னதுன்னா விண்துண்டுன்னு சொல்லுங்க, பெருசுன்னா சிறுகோள், வெளிச்சத்துக்கு எரிமீன், தரைக்கு வந்தது மட்டும் விண்கல்.

அந்தத் தலைப்புல இருந்த ஏரிக்கு வருவோம். நமக்கு ஏரின்னா கரை இருக்கணும், மதகு இருக்கணும், கீழ பாசனம் பாயணும், ஐப்பசியில மழை பேஞ்சா ரொம்பணும். மொஹாவியில இருக்கறது அந்த ஜாதியே இல்ல. பனியுகத்துல தண்ணி நின்ன பள்ளம், தண்ணி வெளிய போக வழியில்லாம ஆவியாகி ஆவியாகி களிமண்ணும் உப்பும் படிஞ்சு சமதளமா ஆன தரை. பெரிய மழைக்கு மெல்லிசா தண்ணி நிக்கும், போயிரும். அங்க போயி விண்கல் தேடறதுக்குக் காரணமே அந்தத் தரைதான். வெளுப்பான மண்ணு, சொந்தமா கல்லே இல்லாத தரை, காத்து பொடி மண்ணை அள்ளிட்டுப் போக கல்லு மட்டும் மேல தங்கும், ஈரம் கொறைவுங்கறதால துரு மெதுவாத்தான் ஏறும். கரையோரத்துல மட்டும் மலையில இருந்து உருண்டு வந்த கறுப்புக் கல்லுங்க ஏமாத்தும். நம்ம ஊரு காஞ்ச குளத்துல கரம்பை மண்ணுல ஒரு விண்கல் விழுந்தா பொதைஞ்சிரும், அடுத்த மழைக்கு ஊறிப் போயிரும், அப்பறம் மண்ணு அள்ளற வண்டியில தோட்டத்துக்குப் போயிரும். வறண்ட ஏரின்னு மொழிபெயர்த்தா படிக்கறவங்க மனசுல இந்தக் குளம்தான் வரும். காஞ்சு வெடிச்சு ஏடு ஏடா நிக்கற மண்ணுக்குப் பொருக்குன்னு நம்மகிட்ட சொல்லு இருக்கு, பொருக்குத்தரைன்னு வெக்கலாம்ங்கறது என் எண்ணம். உப்பு மிஞ்சி இருக்கற எடத்துக்கு உவர்த்தரை. ஆஸ்திரேலியாவுல 2015 நவம்பர் 27-ல விழுந்த முர்ரிலி விண்கல்லை கேமரா வெச்சு வழியைக் கணக்குப் போட்டு டிசம்பர் 31 அன்னைக்கு லேக் ஐர் உப்புச் சேத்துல 42 சென்டிமீட்டர் ஆழத்துல இருந்து கையாலயே தோண்டி எடுத்தாங்க, 1.68 கிலோ. அந்த மாதிரி எடத்துக்கு உவர்த்தரைதான் கச்சிதம்.

வேட்டை? ஓடற மிருகத்துக்குச் சொல்றது. காங்கயம், படியூர்ப் பக்கம் மழை பேஞ்சு ஓஞ்சதும் காட்டுல எறங்கி பச்சைக்கல்லு தேடறதை எங்காளுங்க கல்லு பொறுக்கப் போறதுன்னுதான் சொல்வாங்க. மொஹாவிக்காரங்க செய்யறதும் அதேதான். ஒரு குச்சி நுனியில காந்தம் கட்டிட்டு வெயில்ல நடக்கறாங்க, ஆராய்ச்சிக்காரங்க அந்தக் காந்தமும் வேண்டாங்கறாங்க, கல்லுக்குள்ள இருக்கற பழைய காந்தப் பதிவு அழிஞ்சிருமாம். அமெரிக்க அரசு நெலத்துல 2012-ல வந்த விதிப்படி தனக்குன்னு வெச்சுக்க வருசத்துக்கு 10 பவுண்டு வரைக்கும் எடுத்துக்கலாம், விக்கறதுன்னா அனுமதி வேணும். விண்கல் பொறுக்கறது, எழுத்து நடையில வேணும்னா விண்கல் தேடல்.

இன்னொரு கூத்தும் நடக்குது, அதையும் சொல்லிடறேன். விண்கல் பட்டியல்ல ரெண்டு வகை உண்டு. விழறதப் பாத்து எடுத்தது ஒண்ணு, எப்ப விழுந்துச்சுன்னே தெரியாம பின்னால கெடைச்சது இன்னொண்ணு. ரெண்டாவது வகைக்கு நம்ம மொழிபெயர்ப்பாளருங்க கண்டுபிடிப்புன்னு போடறாங்க, படிச்சா யாரோ கல்லை உருவாக்கின மாதிரி இருக்கு. நம்ம பக்கத்துலயே ரெண்டுக்கும் உதாரணம் இருக்குங்க. 2008 செப்டம்பர் 12-ல கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில கல்லு விழுந்துச்சு, மொத்தம் நூறு கிலோவுக்கும் மேல, உலகப் பட்டியல்ல அதுக்கு சூளகிரின்னே பேரு. அது விழுந்த கல். பழனிக்கு மேல கொடைக்கானல்ல 1898-ல கெடைச்ச இரும்பு விண்கல்லுக்கு கொடைக்கானல்னு பேரு, அது எப்ப விழுந்துச்சுன்னு பாத்தவங்க யாருமில்ல. அது கெடைச்ச கல்.