டர்போ வெளிச்சம் ஏன் நிலைப்பதில்லை? கையடக்க டார்ச்சுகளின் சூட்டுக் கணக்கு

சென்ற கோடையில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றின் மேற்பார்வையாளர், உள்ளங்கைக்குள் அடங்கும் டைட்டானியம் டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு சேலத்தில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். அவரே விரும்பி ஆர்டர் கொடுத்துச் செய்யவைத்தது. பெட்டியில் 2000 லூமென் என்று அச்சிட்டிருந்தது. லூமென் என்பது டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவு; அந்த எண் டர்போ எனப்படும் உச்ச நிலைக்கானது. "ரெண்டு நிமிசம் நல்லா எரியுதுங்க, அப்பறம் மங்கிப் போயிருது. அந்தச் சூட்டுக் கட்டுப்பாட்ட எடுத்து விட்டுருங்க" என்றார். இதே கோரிக்கையோடு என்னிடம் பலர் வருகிறார்கள் என்பதால், சூடு ஏறினால் தானாக வெளிச்சத்தைக் குறைக்கும் அந்த ஏற்பாட்டை நான் ஏன் எடுத்துக் கொடுப்பதில்லை என்பதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

பழைய குண்டு பல்பு தன் சூட்டில் பெரும்பகுதியைக் கதிராக முன்பக்கம் வீசிவிடும். எல்.இ.டி. அப்படிச் செய்வதில்லை. வெளிச்சமாக மாறாத மின்சாரம் அந்தச் சிறு சில்லின் அடியிலேயே சூடாகத் தேங்கி, சால்டர், போர்டு, உடல் உலோகம், பிறகு காற்று என்று படிப்படியாகத்தான் வெளியேற வேண்டும். இந்த வழியில் எந்த இடம் குறுகலாக இருந்தாலும், சில்லின் சூடு ஏறி, அதே மின்சாரத்துக்குக் கிடைக்கும் வெளிச்சமும் குறையத் தொடங்கும்.

மேற்பார்வையாளர் கொண்டுவந்த அளவில் ஓர் அலுமினிய டார்ச்சை எடுத்துக்கொண்டு கணக்குப் போடலாம். 2000 லூமென் வெளிச்சத்துக்குச் சுமார் 20 வாட் தேவைப்பட்டால், அதில் 13 வாட்டுக்கு மேல் சூடாகவே போகும். உடலின் எடை 90 கிராம் என்று வைத்துக்கொண்டால், அதை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 80 ஜூல் போதும். அதாவது ஆறு நொடிக்கு ஒரு டிகிரி. மே மாத இரவில் 32 டிகிரியில் தொடங்கும் டார்ச் இரண்டு நிமிடத்துக்குள் 50 டிகிரியைத் தொட்டுவிடும். இது தொடக்கக் கதை மட்டுமே. உலோகம் சூட்டை வாங்கித் தேக்கிவைக்கும் கிண்ணம் போன்றது. நிரம்பிய பிறகு, காற்று எவ்வளவு வாங்கிக்கொள்கிறதோ அவ்வளவுதான் உள்ளே ஊற்ற முடியும். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உடல், அசையாத காற்றில், சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரி கூடுதலாக இருக்கும்போதும் மூன்று வாட் சூட்டைத்தான் வெளியே தள்ளும். மூன்று வாட் சூட்டோடு தொடர்ந்து எரியக்கூடியது ஐந்நூறு, அறுநூறு லூமென் மட்டுமே. பெட்டியில் உள்ள 2000 என்பது அந்தக் கிண்ணம் நிரம்பும்வரை கிடைக்கும் கடன்.

இதனால்தான் ஒரே டார்ச் மலையில் ஒரு மாதிரியும் ஊருக்குள் ஒரு மாதிரியும் நடந்துகொள்கிறது. ஏற்காட்டின் 20 டிகிரி இரவில் அதன் உடலுக்கு 30 டிகிரி இடைவெளி கிடைக்கிறது. சேலத்தில் 35 டிகிரி புழுக்கத்தில் கிடைப்பது 15 தான், ஆகவே நிலையாகத் தாங்கும் வெளிச்சமும் பாதியாகிறது. 1500 மீட்டர் உயரத்தில் காற்று சற்று மெலிந்திருப்பதால் குளிர்விக்கும் திறன் கொஞ்சம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் குளிர் அதை ஈடுசெய்துவிடுகிறது. நடந்துகொண்டே பிடித்தால் காற்றோட்டமும், இறுகப் பிடித்தால் கையின் இரத்த ஓட்டமும் சூட்டை வாங்கிக்கொள்ளும். மேசைமேல் நிறுத்திவைத்த டார்ச்தான் முதலில் மங்கும்.

டைட்டானியத்துக்கு வருகிறேன். வெள்ளிக் கொலுசு செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது: கொதிக்கும் காப்பியில் வெள்ளிக் கரண்டியையும் எவர்சில்வர் கரண்டியையும் போட்டால், வெள்ளியின் காம்பு உடனே விரலைச் சுடும், எவர்சில்வரின் காம்பு நெடுநேரம் பேசாமல் இருக்கும். சூட்டைக் கடத்தும் திறனில் செம்பு வெள்ளிக்குச் சற்றே பின்தங்கியது. மீட்டருக்கு, டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில் அதைச் சுமார் 400 என்று குறிப்பார்கள். டார்ச்சுக்குப் பயன்படும் அலுமினியக் கலவை 160, 170. எவர்சில்வர் 16 அளவில் நிற்க, டைட்டானியக் கலவையோ 7. அழகானது, துருப்பிடிக்காது, கீறலும் பெருமையாகத்தான் தெரியும். ஆனால் கையில் குளுகுளுவென்று இருக்கும்போதே உள்ளே எல்.இ.டி. வெந்துகொண்டிருக்கும். கை சுடவில்லை என்பதை நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

கட்டுப்பாட்டை ஒருமுறை நானும் எடுத்துவிட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், எனக்காகவே கட்டிய டார்ச் அது. கான்வாஸ் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் வந்தபோது, பைக்குள் பொத்தான் அழுந்தி எரியத் தொடங்கியது எனக்குத் தெரியவில்லை. தீய்ந்த வாடை வந்து நிறுத்திப் பார்த்தபோது, கண்ணாடிக்கு முன்னால் இருந்த துணியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கருகிய வட்டம். ரப்பர் வளையம் இளகி மரையோடு ஒட்டியிருந்தது. செல்லை வெளியே எடுக்க முடியாமல், பட்டறை வாசலில் மணல் வாளிக்குள் டார்ச்சை வைத்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அன்றிலிருந்து என் கையால் கட்டும் எல்லாவற்றிலும் 50 டிகிரிக்குள் வெளிச்சம் இறங்கிவிட வேண்டும். வெறும் உலோகத்தில் 51 டிகிரி ஒரு நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தாலே தோலைப் புண்ணாக்கப் போதும். பையில் போடும்போது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்துவதும் பழக்கமாயிற்று.

செல்லுக்கும் எல்லை உண்டு. பெரும்பாலான 18650 (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம்) லித்தியம் செல்கள் மின்சாரம் கொடுக்கும்போது 60 டிகிரியைத் தாண்டக்கூடாது. சார்ஜ் ஏற்றும்போது 45. டர்போவில் எரித்து முடித்த கையோடு சார்ஜரில் மாட்டுவது, வெயிலில் நிறுத்திய காருக்குள் டார்ச்சை விட்டுவைப்பது இரண்டும் அந்த எல்லையை எளிதாக மீறும். 9900 என்று உறையில் அச்சிட்ட செல்களை நான் வாங்கி உள்ளே வைப்பதே இல்லை. இந்த அளவுச் செல்லில் உண்மையாகக் கிடைப்பது சுமார் 3500 மில்லியாம்பியர் மணிதான்.

அப்படியானால் மேற்பார்வையாளருக்கு என்னதான் செய்ய முடியும்? முதலில் டிரைவரை, அதாவது எல்.இ.டி.க்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சுற்றைப் பார்த்தேன். மிச்ச வோல்ட்டை எரித்துத் தள்ளும் எளிய வகை. முழுதாகச் சார்ஜான செல்லிலிருந்து மூன்று ஆம்பியர் எடுக்கும்போது, ஒரு வோல்ட் வித்தியாசத்துக்கே மூன்று வாட் வீணாகச் சூடாகிறது. உடல் காற்றுக்குக் கொடுக்கக்கூடிய மொத்தமுமே அவ்வளவுதான் என்று மேலே பார்த்தோம். மாற்று டிரைவர் ஒன்றைப் போட்டு, எல்.இ.டி.யை நேரடியாகச் செம்பின்மேல் உட்காரும் போர்டுக்கு மாற்றி, தெர்மல் பேஸ்ட்டை மெல்லிய படலமாக மட்டும் தடவி இறுக்கினேன். பேஸ்ட் அதிகம் வைத்தால் நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. அது இடுக்கை நிரப்பத்தான், மெத்தை போட அல்ல.

பிறகு அவரிடம் எதைப் பார்க்க டார்ச் வேண்டும் என்று கேட்டேன். வேலியோரம் வரும் காட்டெருமையைத் தொலைவிலேயே அடையாளம் காண வேண்டும் என்றார். அதற்கு லூமென் எண்ணைவிட, ஒரு திசையில் கற்றை எவ்வளவு கூர்மையாக விழுகிறது என்று சொல்லும் காண்டெலாதான் உதவும். அமெரிக்க எஃப்.எல்.1 தரமுறைப்படி, முழுநிலவு அளவுக்கு, அதாவது 0.25 லக்ஸ் விழும் இடம்வரைதான் வீச்சு. 10,000 காண்டெலாவுக்கு 200 மீட்டர், 40,000க்கு 400 மீட்டர். அதே தரமுறை, லூமெனைச் சுவிட்சைப் போட்ட அரை நிமிடத்துக்குப் பின்னர் அளந்துவிட்டு, எரியும் நேரத்தை வெளிச்சம் பத்தில் ஒரு பங்காக மங்கும்வரை எண்ணுகிறது. பெட்டியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதால் 2000 லூமென் மணிக்கணக்கில் எரியும் என்று படிக்கத் தோன்றும். வெளிச்சம் கால்பங்காகக் குறைந்தால்தான் கண்ணுக்குப் பாதியாகத் தெரியும் என்பதால், தொடர்ந்து எரியும் வெளிச்சத்தை நான் 600 லூமெனுக்கு இறக்கியதை அவர் அவ்வளவாக உணரமாட்டார் என்று நம்பினேன். அகலமான லென்ஸை எடுத்துவிட்டுக் குறுகிய கற்றை தரும் லென்ஸைப் போட்டேன்.

காப்பி பறிப்புத் தொடங்கிய பிறகு ஒருநாள் ரப்பர் வளையம் மாற்ற வந்தார். வீச்சு போதுமானதாக இருக்கிறது, ஆனால் பனிமூட்டத்தில் எதிரே வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடுகிறது என்றார். டார்ச்சைக் கண்ணருகே பிடிக்காமல் இடுப்புக்குக் கீழே இறக்கி, 150 லூமென் நிலையில் வைத்து நடந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.