அக்கறையால் கெடும் பேனாக்கத்திகள்

ஆயுத பூஜை முடிந்த சில வாரங்களில் பழுதுபார்க்கும் மேசைக்கு வரும் மடக்குக்கத்திகளில் ஒரே மாதிரி ஒரு கறை இருக்கும். அலகின் நடுவில், விரல்நுனி அளவுக்கு, வட்டமாகச் செம்பழுப்பு நிறத்தில். சந்தனப் பொட்டு வைத்த இடம் அது. குழைத்த சந்தனம் மேலே காய்ந்து வெடித்தாலும் இரும்பை ஒட்டிய அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும். விஜயதசமி அன்று கத்தியை எடுத்துத் துடைக்காமல் அப்படியே டப்பாவில் போட்டு மூடினால், அடுத்து வரும் வடகிழக்குப் பருவமழை மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். பொட்டை டப்பாவின் மேல் வையுங்கள், சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். கத்தியிலேதான் வைக்க வேண்டுமென்றால் அன்று இரவே ஈரத்துணியால் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவிவிடுங்கள்.

சென்னையில் பழைய பேனாக்கத்திகள் கவனிப்பாரற்றுக் கெடுவதைவிட, தப்பான கவனிப்பால் கெடுவதே அதிகம் என்று தோன்றுகிறது. புளி போட்டுத் தேய்ப்பது, நல்லெண்ணெய் விடுவது, தெருவில் வரும் சாணைக்காரரிடம் நீட்டுவது, அழகான தோல் உறையில் போட்டு பத்திரமாக வைப்பது: எல்லாமே நல்லெண்ணத்தில் செய்வதுதான். அந்த நல்லெண்ணெய்தான் முதல் பிரச்சினை. எள் எண்ணெய் நாளடைவில் காற்றுப்பட்டுக் கெட்டியாகும். மூட்டுக்குள் போன சொட்டு சில மாதங்களில் பிசின் மாதிரி ஆகிவிடும். கத்தி இறுகிவிட்டது என்று கொண்டுவருவார்கள், உள்ளே பார்த்தால் துரு இருக்காது, மஞ்சள் கோந்துதான் இருக்கும். தேங்காயெண்ணெய் அந்த அளவுக்குக் கெட்டியாகாது, ஆனால் சிக்குவாடை வந்துவிடும். அலகுக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் போதும், பழம் நறுக்கினாலும் பயமில்லை. மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு சொட்டு.

இங்கே பேசுவது பூட்டு இல்லாத பழைய பாணிக் கத்திகளைப் பற்றி. இவற்றை ஸ்லிப்ஜாயின்ட் என்பார்கள். கைப்பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை ஓடும். அலகின் அடிப்பாகம் சதுரமாக இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அந்தச் சதுரத்தின் ஒரு முகம் ஸ்பிரிங்கின்மேல் தட்டையாக உட்காரும். நடுவில் திரும்பும்போது சதுரத்தின் மூலை ஸ்பிரிங்கைத் தூக்கும், அதனால்தான் பாதியில் கத்தி முரண்டு பிடிக்கிறது. சில கத்திகளில் 90 டிகிரியிலும் ஒரு நிறுத்தம் உண்டு. பூட்டு எதுவும் இல்லை, ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. இளநீரின் கண்ணைத் துளைக்கவோ, பெயின்ட் டப்பா மூடியை நெம்பவோ இதை எடுத்தால், முனை சிக்கி அழுத்தம் முதுகுப் பக்கம் திரும்பிய கணத்தில் அலகு விரல்மேல் மடங்கும். குத்துகிற, துளைக்கிற, நெம்புகிற எந்த வேலைக்கும் இது வேண்டாம். பென்சில் சீவ, பார்சல் கட்டறுக்க, பழம் நறுக்க, பூத்தொட்டியில் கிளை வெட்ட இதைவிடக் கையடக்கமான கருவி கிடையாது.

மூடும்போதுதான் பெரும்பாலும் வெட்டுப்படுகிறது. ஒரு கையால் கைப்பிடியின் இரண்டு பக்கங்களையும் விரல்நுனிகளால் பிடிக்க வேண்டும், அலகு உள்ளே போகும் பள்ளத்துக்குக் குறுக்கே எந்த விரலும் வரக் கூடாது. மறு கையின் உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்துத் தள்ள வேண்டும். பாதியில் நிறுத்தம் இருந்தால் அங்கே நிறுத்தி, விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முழுதும் மூடுங்கள். ஆழமாக வெட்டுப்பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை இதயத்துக்கு மேல் தூக்குங்கள். காப்பிப்பொடி வைக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம். விரலை மடக்கவோ நீட்டவோ முடியவில்லை, அல்லது நுனி மரத்திருக்கிறது என்றால் தசைநாணோ நரம்போ அறுந்திருக்கலாம். தையல் மட்டும் போட்டுக்கொண்டு வீடு திரும்பக் கூடாது. வடசென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது.

நம் வீடுகளில் கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, அவர் எடுத்துக்கொள்வார் என்பார்கள். சகுனமென்று சொல்லப்பட்டாலும் பாதுகாப்புக்கு இதைவிட நல்ல விதி இல்லை. மடக்குக்கத்தியை மூடித்தான் கொடுக்க வேண்டும்.

வாங்கும்போது

பழைய கத்தியைக் கையில் எடுத்ததும், அலகில் பொறித்த கம்பெனி முத்திரையைப் பார்க்க ஆசை வரும். முதலில் மூட்டைப் பாருங்கள். திறந்து, அலகைப் பக்கவாட்டில் லேசாக அசையுங்கள், கடகடவென்று ஆடினால் ரிவெட் தேய்ந்திருக்கிறது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத்துப் பித்தளைத் தகட்டுக்கும் நடுவே ஒளி கசிகிறதா என்று பாருங்கள். பிறகு பள்ளத்துக்குள் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடுங்கள். காகிதம் வெட்டுப்பட்டால் அலகின் வாய் மூடும்போதெல்லாம் ஸ்பிரிங்கில் மோதுகிறது என்று பொருள், எவ்வளவு தீட்டினாலும் அதே இடம் மறுபடி மழுங்கும். அலகின் அடியில், வாய் தொடங்கும் இடத்தில் சின்ன முண்டு ஒன்று இருக்கும். மூடிய அலகைத் தாங்கி நிறுத்துவது அதுதான். தெரியாதவர்கள் தீட்டும்போது அதையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிறார்கள்.

அலகு தேய்ந்து ஒடுங்கியிருக்கிறதா என்பது அடுத்தது. மூடிய நிலையில், அலகை நகத்தால் இழுத்துத் திறப்பதற்கான நகப்பள்ளம் கைப்பிடிக்குள் மூழ்கி நகத்துக்குச் சிக்கவில்லை என்றால், அளவுக்கு மீறித் தீட்டி முண்டும் தேய்ந்துபோன கத்தி. எழுத்துகள் மழுங்கி அலகு கண்ணாடி மாதிரி மின்னினால் பஃப் போட்டிருக்கிறார்கள், அதாவது மெஷின் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். விற்பவர் அதை ‘பாலிஷ் கண்டிஷன்’ என்பார். விலையைக் குறைக்க அது ஒன்றே காரணம் போதும்.

சில முத்திரைகள் உண்மையிலேயே வயது சொல்லும். அமெரிக்காவின் கேஸ் (Case) கம்பெனிக் கத்திகளின் முத்திரையில் 1970 முதல் புள்ளிக் கணக்கு உண்டு: அந்த ஆண்டு 10 புள்ளி, அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒன்று குறையும், 1980-இல் மறுபடி 10-இலிருந்து தொடங்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கத்தி செய்த ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனியின் முத்திரை நட்சத்திரமும் மால்டா சிலுவையும். லாகியோல் என்ற பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது பிரான்சில் ஓர் ஊரின் பெயர், கத்தியின் ஒரு வடிவம், தனி ஒரு கம்பெனியின் சொத்து இல்லை. தேனீ பொறித்த மலிவுச் சரக்கு எங்கிருந்தும் வரலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஓபினெல் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் 8-ஆம் எண் நல்ல கத்தி. 1890-இல் ஜோசப் ஓபினெல் தொடங்கி வைத்த வடிவம், அலகு 8.5 செ.மீ. இதில் ஸ்பிரிங் கிடையாது, 1955-இல் சேர்த்த திருகு வளையம் அலகைப் பூட்டும். கைப்பிடி பீச் மரம் என்பதால் ஐப்பசி மழையில் உப்பி அலகைக் கவ்விக்கொள்ளும். நகத்தால் மல்லுக்கட்டாமல், வளையத்தைத் திறப்புக்கு நேராகத் திருப்பி, கைப்பிடியின் பின்நுனியை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுங்கள், அலகு தானே வெளியே எட்டிப் பார்க்கும். வெயில் நாளில் நன்றாகக் காயவைத்து, மூட்டுப் பள்ளத்தில் மெழுகுவத்தியைத் தேய்த்து ஹேர் டிரையரால் உருக்கிவிட்டால் அடுத்த மழைக்குத் தொல்லை குறையும்.

சாணை

தெருச்சாணை அரிவாள்மனைக்கும் வீட்டுக் கத்தரிக்கும் சரி. பேனாக்கத்தி அலகு மெல்லியது, சூடு ஓடிப்போக இடமில்லை. எஃகைக் கடினமாக்கியபின் 200 டிகிரி சுற்றுவட்டாரத்தில் சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். சாணைக்கல்லில் முனை ஓரம் வைக்கோல் நிறமாகி, ஊதாவாகி, நீலமானால் ஏறக்குறைய 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் போய்விட்டது. நீலத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், போன பதம் திரும்ப வராது. அப்படிப்பட்ட கத்தி தீட்டிய அன்று சவரக்கத்தியாக வெட்டும், நாலு அட்டைப்பெட்டி கிழித்ததும் மொட்டை.

கையால் தீட்டுவது கடினமில்லை. சென்னை நிறுவனமான கார்போரண்டம் யுனிவர்சல் போன்றவை செய்யும் இருமுகத் தீட்டுக்கல் பிராட்வே, பாரிமுனைப் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். சொரசொரப்பு முகம் வாய் உடைந்த கத்திக்கு மட்டும். வழக்கமான தீட்டலுக்கு மென்முகம், அதன் பிறகு 1000 கிரிட் தண்ணீர்க்கல் (தண்ணீர் விட்டுத் தீட்டும் இன்னும் மென்மையான கல்) இருந்தால் நல்லது. கோணத்தைக் கண்ணால் பிடிக்க முடியாதவர்களுக்கு ஒரு கணக்கு: வாயிலிருந்து முதுகுவரை 15 மி.மீ. அகலமுள்ள அலகுக்கு, முதுகு கல்லிலிருந்து சுமார் 4 மி.மீ. உயர்ந்தால் கோணம் 15 டிகிரி. பழைய ஏ.டி.எம். கார்டு ஒன்றின் கனம் 0.76 மி.மீ., ஐந்தை அடுக்கி முதுகுக்கு அடியில் வைத்து உயரத்தைக் கைக்குப் பழக்கிவிட்டுக் கார்டுகளை எடுத்துவிடுங்கள். அடியில் உள்ள முண்டைக் கல்லில் படவிடாமல் வாயை மட்டும் தள்ளுங்கள், கல்லிலிருந்து மெல்லிய படலம் சீவி எடுப்பதுபோல. ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கம் கட்டைவிரலைக் குறுக்கே நகர்த்தினால் பிசிறு, அதாவது வாயோரம் மடிந்து நிற்கும் மெல்லிய எஃகு விளிம்பு, தட்டுப்பட வேண்டும். அடியிலிருந்து முனைவரை பிசிறு ஒரே சீராக வந்தபின்தான் பக்கம் மாற்ற வேண்டும். பெரும்பாலோர் இங்கே பொறுமை இழந்து, பிசிறு வராமலே பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்துவிட்டுக் கல்லைக் குறை சொல்கிறார்கள். இரண்டு பக்கமும் பிசிறு வந்தபின் பக்கத்துக்கு ஐந்து, மூன்று, ஒன்று என்று அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தில் பின்னோக்கி இழுத்தால் போதும். நாளிதழ்த் தாளை ஓரத்தில் பிடித்து வெட்டிப் பாருங்கள். எங்கே கிழிகிறதோ அங்கே இன்னும் வேலை பாக்கி.

சுத்தமும் சேமிப்பும்

கார்பன் எஃகு அலகில் மாங்காய் நறுக்கினால் கறுக்கும். பயப்பட வேண்டாம். நீலச்சாம்பல் படலம் சிவப்புத் துருவைத் தள்ளிப்போடும், தேய்த்து எடுக்கக் கூடாது. சிவப்பாக, விரலில் பொடியாக ஒட்டுவதுதான் துரு. அதற்கு எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். பித்தளைத் தகடு மின்ன வேண்டுமென்று புளி வைத்துத் தேய்த்தால், அந்தப் புளிப்பு இடுக்கு வழியே உள்ளே இறங்கி, கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங்கை அரிக்கும். ஒருநாள் ஸ்பிரிங் டக்கென்று உடையும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது.

தோல் உறை வெளியே எடுத்துப்போக மட்டும். தோலில் இருக்கும் பதனிடும் உப்பும் ஈரமும் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கவைக்கும், எஃகில் புள்ளித் துரு வரவழைக்கும். திருவான்மியூர், பெசன்ட் நகர் போலக் கடல் பக்கத்து வீடுகளில் இது இன்னும் வேகம். எண்ணெய் தடவிய பட்டர் பேப்பரில் சுற்றி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால், மாறியதும் வறட்டி உலர்த்திக்கொள்ளலாம். ரப்பர் பேண்ட் போட்டுவைத்தால் நம் வெயிலுக்கு உருகி ஒட்டிக்கொள்ளும். பாதி திறந்த நிலையில் எந்தக் கத்தியையும் வைக்காதீர்கள், ஸ்பிரிங் முழு இழுவையில் கிடக்கும்.

செல்லுலாய்டு கைப்பிடிக் கத்திகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஆமை ஓடு போலவோ முத்துச்சிப்பி போலவோ பளபளக்கும் பழைய கைப்பிடிகளைக் கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்தால் கற்பூர வாசம் வரும். செல்லுலாய்டில் கற்பூரம் உண்மையிலேயே கலந்திருக்கிறது. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அமில ஆவி விடும், பக்கத்தில் கிடக்கும் எல்லாக் கத்தியும் துருப்பிடிக்கும். ஒரே டப்பாவில் ஒரு கத்தியைச் சுற்றி மட்டும் மற்றவை கெட்டிருந்தால் நடுவில் இருப்பதைச் சந்தேகியுங்கள். சூடான ஊசியால் குத்திச் சோதிக்க வேண்டாம், பற்றிக்கொள்ளும்.

சட்டம்

தந்தக் கைப்பிடி, மான்கொம்புக் கைப்பிடி என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன்படி தந்த வணிகம் தடைசெய்யப்பட்டது, நம் காட்டு மான்களின் கொம்பும் அதே சிக்கல்தான். நூல் போன்ற கோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோலத் தெரிந்தால் தந்தம், சிறு கறுப்புப் புள்ளிகளும் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. மாட்டெலும்பில் பிரச்சினை இல்லை.

ஆயுத விதிகள் குறிப்பிடுவது 9 அங்குலத்துக்கு நீளமான அல்லது 2 அங்குலத்துக்கு அகலமான அலகை, பேனாக்கத்தி அதன் பக்கத்திலேயே வராது. ஆனால் டெல்லியில் 1980-இலிருந்து தனி அறிவிக்கை உண்டு: பட்டனாலோ ஸ்பிரிங் விசையாலோ தானே திறக்கும் கத்திகளில் 7.62 செ.மீ. நீளம், 1.72 செ.மீ. அகலம் என்பது எல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறுமுன் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ஸ்கேனரும் நீதிமன்ற வாசலும் அளவு பார்த்துக்கொண்டிருக்காது. விமானத்தில் செக்-இன் பெட்டியில் மட்டும்.

கடைசியாக ஒன்று. பேனாக்கத்தி என்ற பெயர் இறகுப் பேனாவைச் சீவியதால் வந்தது. நம் பக்கத்திலும் எழுதுகிறவர்களுக்கென்று மடக்கும் கருவி இருந்தது: மடக்கெழுத்தாணி. ஒரு நுனியில் எழுத்தாணி, மறுபக்கம் ஓலை நறுக்கும் கத்தி, இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கும். போகிக்குப் பரணைக் காலி செய்யும்போது அப்படி ஒன்று கிடைத்தால் பித்தளைக் கடையில் எடைக்குப் போடாதீர்கள், பாலிஷும் போடாதீர்கள். நூறாண்டு தாண்டிய பொருள் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இறுகியிருந்தால் பலவந்தமாகத் திறக்காமல், மூட்டில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு ஒரு வாரம் நிமிர்த்தி வையுங்கள். தானாக இளகினால் திறக்கட்டும், இல்லையென்றால் மூடியபடியே இருக்கட்டும்.